வாய் நிறைய இரும்பு

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. மிச்சப் படிப்பை ஒரு குஷன் கடையில், பழைய சோபாக்களின் வயிற்றைக் கிழித்து நார் பிடுங்கிக்கொண்டே முடித்தேன். இன்றைக்கு அந்தக் கடையைப் போல இரண்டை உள்ளே வைத்துப் பூட்டலாம், அவ்வளவு பெரிய பட்டறை எனக்குச் சொந்தம். இந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் மூன்று பேருக்கு அடியில் இருப்பது என் பட்டறை சீட்டு. நாலாவது ஆள் விலை கேட்டுவிட்டுப் போனவனாக இருப்பான்.

என் கதையை எழுதினால் அது தனிப் புத்தகம். இப்போது எழுதப் போவது என் பட்டறையில் வேலை பார்க்கும் ஆணிவாயரைப் பற்றி. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் அவருடைய நாக்கில் கோளாறு என்று முதலில் பார்த்துக் கண்டுபிடித்தவன் நான். அதனால் எழுதுகிற உரிமையும் எனக்குத்தான்.

ஆணிவாயர் என்பது பட்டறை வைத்த பெயர். சொந்தப் பெயர் வேறு, அது சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். ஆள் குள்ளம், தோள் அகலம், கழுத்து கொஞ்சம் உள்ளே போனது. பீரோவை உட்கார வைத்த மாதிரி இருப்பார். குஷன் வேலையில் துணியையோ ரெக்ஸினையோ மரச் சட்டத்தின் மேல் இழுத்துப் பிடித்து ஆணி அடிக்க வேண்டும். இழுத்துப் பிடிக்க ஒரு கை, சுத்தியலுக்கு ஒரு கை. ஆணியை எடுத்துக் கொடுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதனால் பழைய ஆட்கள் வாயையே கையாக்கிக்கொண்டார்கள்.

காலையில் வந்ததும் ஒரு பிடி சின்ன ஆணியை, நாம் வறுத்த கடலை போட்டுக்கொள்கிற மாதிரி, வாயில் போட்டுக்கொள்வார். உள்ளே நாக்கு ஒவ்வொன்றாகப் புரட்டி, ஆணியின் தலை வெளியே வருகிற மாதிரி உதட்டுக்குத் தள்ளும். சுத்தியலின் ஒரு முனையில் காந்தம் உண்டு. அது உதட்டுக்கு வந்து ஆணியை வாங்கிக்கொண்டு போகும். ஒரு தட்டு, ஒரு அடி, அடுத்த ஆணி. பார்க்கிறவன் மூச்சு விட மறந்துவிடுவான். ஒரு தடவை ஆணியை விழுங்கிவிட்டார் என்று புரளி கிளம்பியது. விசாரித்தால் விழுங்கியது அவருடைய சொந்தப் பல்லின் துண்டு. ஆணி ஒன்றுகூட உள்ளே போனதில்லை.

எனக்கும் அந்த வித்தை தெரியும். அவரைவிட அதிகமாகவே வாயில் வைத்திருந்தவன் நான். ஆனால் என்னால் பேசாமல் இருக்க முடியாது. அதனால்தான் முதலாளி ஆனேன்.

அவரிடம் பேச்சே கிடையாது. சரி என்றால் "ம்", வேண்டாம் என்றால் "ம்ஹ்ம்", கோபம் வந்தால் மூக்கு வழியாக ஒரு காற்று, அவ்வளவுதான். ஒரு கஸ்டமர் அம்மா அவரை ஊமை என்றே நினைத்து, சோபாவின் நீளத்தைக் கையை விரித்து விரித்துக் காட்டிவிட்டு, போகும்போது என்னிடம், "பாவம், நல்ல மனுஷன்" என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். வியாபாரத்தில் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இவரை வைத்துத்தான் என் பட்டறைக்குப் பேர். வாசலில் போர்டே வைத்திருந்தேன்: 'ஒவ்வொரு ஆணியும் கையால் அடித்தது.' பின்பக்கம் தடுப்புக்கு அந்தப்புறம் ஒரு கம்ப்ரஸரும், காற்று வேகத்தில் ஸ்டேப்ளர் பின் அடிக்கிற, துப்பாக்கி மாதிரியான கன்னும் உண்டு. வேன் சீட்டு, ஆஸ்பத்திரி பெஞ்சு மாதிரி அவசர வேலைக்கு. அதைப் பிடிக்கிறவனுக்குக் கன்காரன் என்றே பெயர். கஸ்டமர் வந்தால் முன்பக்கத்தோடு நிறுத்திவிடுவேன். "கன்னைக் கண்டாலே எங்க ஆளுக்கு வாந்தி வரும்" என்று ஆணிவாயரைக் காட்டிச் சொல்வேன். அவர் "ம்" என்பார். கஸ்டமர் அட்வான்ஸ் கொடுப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பட்டறையில் ஒரு நாள் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஆணி தரையில் விழுகிற சத்தம். மற்ற பட்டறையில் அது சாதாரணம். எங்களுக்கு அது இடி. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ஆணிவாயர் குனிந்து எடுத்து மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டிங்'.

கன்காரன் தடுப்புக்கு மேல் தலையை நீட்டினான். "அண்ணே, என்ன, வாய் ஒழுகுது? அடியில ஒரு வாளி வைக்கட்டா?"

மூக்கு வழியாகக் காற்று வந்தது. அவ்வளவுதான் பதில்.

அதற்கப்புறம் நான் கண்ணை அவர் மேலேயே வைத்தேன். தொழில் செய்து முன்னுக்கு வந்தவனுக்குக் கண்தான் மூலதனம். மத்தியானம் அவர் எங்களோடு சாப்பிட உட்காருவதே இல்லை, அது பழைய பழக்கம். வாயிலிருக்கிற ஆணி தீர்ந்த பிறகு சாப்பிடலாம் என்று இருப்பார், ஆணி தீரவே தீராது. டீயும் பன்னும்தான் அவருக்குச் சாப்பாடு. இப்போது அந்தப் பன்னையும் டீயில் ஊறவைத்துத்தான் உள்ளே தள்ளினார். டீயை ஆற வைத்துக் குடித்தார். பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் கட்டி வாங்கிக் கடகடவென்று மென்றார். மேலே பரணில் இருக்கிற ஃபோமை எடுக்க ஏணி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். உதட்டு ஓரம் இரண்டு பக்கமும் தையல் விட்ட மாதிரி வெடித்திருந்தது.

நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன். "நாக்க நீட்டுய்யா."

"ம்ஹ்ம்."

"ஆணியத் துப்பிட்டு நீட்டு."

டப்பாவில் துப்பினார். "எதுக்கு முதலாளி? அது பாட்டுக்கு இருக்கு." ரொம்ப நாள் கழித்து அவர் குரலைக் கேட்டேன். ஆள் அகலத்துக்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய குரல்.

கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். முகவாயைத் தூக்கிப் பிடித்து நீட்டச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா பழைய மெத்தை உறையோடு படியேறி வந்தார். எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இங்க குஷன் தைக்கிறீங்களா, நாக்கு தைக்கிறீங்களா?"

"ரெண்டு நிமிஷம் உக்காருங்கம்மா" என்றேன்.

நாக்கு ரத்தச் சிவப்பாக இருந்தது. வாய்க்குள் அடங்காத வீக்கம். ஓரம் நெடுக, சோபா விளிம்பில் பைப்பிங் கயிறு வைத்துத் தைத்த மாதிரி பல் அச்சு. ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. நாக்கு என்றால் மேலே பொடிப் பொடியாக மேடு இருக்கும், சொரசொரவென்று இருக்கும். இவர் நாக்கில் அது இல்லை. வழவழ என்று மினுங்கியது. வெல்வெட் சோபாவில் எல்லாரும் உட்காருகிற இடத்தில் ரோமம் தேய்ந்து அடித்துணி தெரியுமே, அதே மாதிரி. வெல்வெட்டைத் தொட்டே வயிறு வளர்த்தவன் நான், எனக்கா தெரியாது?

"வெல்வெட் தேஞ்சு போச்சுய்யா" என்றேன். "எரியுதா?"

"உப்பு பட்டா எரியுது. சூடு பட்டா எரியுது. பேசினாலும் எரியுது."

"அதான் நீ பேசறதே இல்லையே. காரணம் ஆணித் துரு. வேற ஒண்ணுமில்ல. நான் சரி பண்றேன்."

சரி பண்ணுகிற வேலையில் உடனே இறங்கினேன். அன்றைக்கே ஆணிகளை எல்லாம் கொதிக்க வைத்தேன். பட்டறையில் பெரிய பாத்திரம் என்றால் டீ கெட்டில்தான். சாயங்காலம் டீ குடித்த கன்காரன் கோப்பையை உற்றுப் பார்த்து, "முதலாளி, டீயில யாராவது சைக்கிள் செயினப் போட்டீங்களா?" என்றான். நன்றி கெட்ட உலகம். கெட்டில் என்னவோ அதற்கப்புறம் உள்ளே பளபள என்று ஆனது.

அடுத்து, துருவே பிடிக்காத பித்தளை ஆணி ஒரு பெட்டி வாங்கி வந்தேன். ஆணிவாயர் ஒரு பிடி போட்டுக்கொண்டார். உதட்டுக்கு ஒன்று வந்தது. சுத்தியல் போனது. வெறும் சுத்தியலாகத் திரும்பியது. மறுபடி போனது, மறுபடி வெறுமையாக வந்தது. பித்தளையைக் காந்தம் இழுக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல, அந்த நேரத்தில் ஞாபகத்தில் இல்லை, அவ்வளவுதான். உதட்டில் ஆணியோடு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தடுப்புக்கு அந்தப்புறம் கம்ப்ரஸர் நின்றிருந்தது, ஆனாலும் புஸ் புஸ் என்று சத்தம் வந்தது. கன்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

மருந்துக் கடைக்காரரிடம் கேட்டதில் வாய் கொப்பளிக்க ஒரு காரமான தண்ணீர் கொடுத்தார். கொப்பளித்ததும் ஆணிவாயர் ஒரே தாவலில் ஜூஸ் கடையில் இருந்தார். அப்புறம் நாக்கில் தடவ ஊதா மருந்து ஒன்று. அதைத் தடவியதிலிருந்து பற்கள், உதடு, முகவாய் எல்லாம் ஊதா. அந்த வாரம் வந்த கஸ்டமர் குழந்தை ஒன்று அவரைப் பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. 'டிங்' சத்தம் நிமிஷத்துக்கு ஒன்றாகிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் அவருடைய சம்சாரம் பட்டறைக்கே வந்துவிட்டாள். கையில் சாப்பாட்டு டப்பா. மேஜை மேல் ஓங்கி வைத்தாள்.

"அண்ணே, இதத் திறந்து பாருங்க. நேத்து குடுத்தது. அப்படியே திரும்பி வந்திருக்கு. நான் என்ன விஷமா வச்சுக் குடுக்கறேன்?"

"நாக்கு சரியில்ல தங்கச்சி. நான்தான் வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கேன்."

"அது தெரியுது. தலகாணி உறையெல்லாம் ஊதாவா இருக்கு." அப்புறம் குரலை இறக்கினாள். "அவர் உங்ககிட்ட சொல்லலையா? இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு சொல்றார். நாக்கு போனா ஆணி பிடிக்க முடியாதாம், ஆணி பிடிக்க முடியலன்னா இங்க வேலை இல்லையாம். பொண்ணு வீட்டுக்குப் போயிடலாம்கறார். மாப்ள குடோன் கேட்டுல ஒரு ஸ்டூல் போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காராம்."

நான் திரும்பிப் பார்த்தேன். ஆணிவாயர் ஒரு நாற்காலியின் காலை ரொம்ப அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் அங்க போக மாட்டேன் அண்ணே" என்றாள் அவள். "அந்த சம்பந்தியம்மாவோட ஒரே வீட்ல என்னால இருக்க முடியாது. சோபாவுக்கு மேல பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சிருக்காங்க. வர்றவங்க யாரும் சோபாவுல உக்காரக் கூடாது, பாத்துட்டுப் போகணும். நாங்க போனா எங்க மேலயும் ஒரு கவரப் போட்டுடுவாங்க. உங்க வைத்தியம் போதும், ஒரு நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அந்த நாக்கு தேறணும். இல்லன்னா எங்க ரெண்டு பேர் கதையும் முடிஞ்சுது."

ஆணிவாயர் போனால் என் பட்டறையும் பத்தோடு பதினொன்று. அன்றைக்கே மூன்று பேரும் டாக்டரம்மாவிடம் கிளம்பினோம்.

டாக்டரம்மா சின்ன வயசு. அவர் அறையில் இருந்த பரிசோதனைப் படுக்கையின் ரெக்ஸின் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. சும்மா தைத்துத் தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவைத்தேன், அது மரியாதை. அவர் டார்ச் அடித்து நாக்கைப் பார்த்தார்.

"வெல்வெட் தேஞ்ச மாதிரி இல்ல?" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கரெக்டா சொன்னீங்க. மேல இருக்கற பொடி மொட்டெல்லாம் மழுங்கிப் போயிருக்கு. நாக்குல அழற்சி. வாயில என்ன வைப்பீங்க? புகையிலை, சிகரெட் ஏதாவது?"

"ஆணி" என்றார் ஆணிவாயர்.

பேனா நின்றது. "என்னது?"

"ஆணி, டாக்டரம்மா. ஒரு பிடி."

நான் தொழிலை விளக்கினேன். டாக்டரம்மா ஆணிவாயரின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்திருந்தது. விரல் நகங்களைப் பார்த்தார். நடுவில் கரண்டி மாதிரி குழிந்திருந்ததை அப்போதுதான் நானும் கவனித்தேன்.

"ஐஸ் மெல்லணும்னு தோணுதா?"

ஆணிவாயர் திடுக்கிட்டார். "உங்களுக்கு யார் சொன்னா? ஜூஸ் கடைக்காரனா?"

"உங்க ரத்தம் சொல்லும். எடுத்துப் பாத்துடலாம்."

ரத்தம் எடுத்தார்கள். மறு தடவை போனபோது டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இரும்புச் சத்து அடிமட்டத்துல இருக்கு. ரத்தசோகை. நாக்கு வீங்கினது, வழவழன்னு ஆனது, உதட்டு ஓரம் வெடிச்சது, மூச்சு வாங்கறது, எல்லாம் அதால."

நான் சிரித்துவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். "டாக்டரம்மா! இவர் வாயில போட்ட இரும்ப உருக்கினா ஒரு வீட்டுக்கு கேட் அடிக்கலாம். இவருக்கா இரும்பு இல்ல?"

"வாயில இருந்தா போதாதுங்க. உள்ள போகணும்."

"அப்போ முழுங்கிடவா?" என்றார் ஆணிவாயர். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அவர் சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்போ துரு?" என்று கேட்டேன் நான்.

"துருவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஆணி உரசி எரிச்சல கொஞ்சம் கூட்டியிருக்கலாம்."

எரிச்சலைக் கூட்டியிருக்கலாம் என்று டாக்டரே சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் சொன்னது முழுக்கத் தப்பு இல்லை.

டாக்டரம்மா விடவில்லை. "சரியா சாப்பிடலங்கறது ஒரு காரணம். டீயும் இரும்ப ஒட்ட விடாது. ஆனா ஒரு ஆம்பளைக்கு இவ்வளவு குறையணும்னா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். வலிக்கு ஏதாவது மாத்திரை போடறீங்களா?"

"ம்ஹ்ம்" என்றார். வாயில் ஆணி இல்லை, ஆனாலும் அதே 'ம்ஹ்ம்'.

"பொய்!" என்றாள் அவர் சம்சாரம். "சட்டைப் பையில எப்பவும் ஒரு அட்டை இருக்கும் டாக்டரம்மா. தோள்பட்டைக்கு. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, வலிச்சா இன்னொண்ணு. நான் குடுக்கற சாப்பாட்டுக்குப் பதிலா அதத்தான் திங்கறார்."

"தோள் வலிக்குதா?" என்றேன். "எப்போலேருந்துய்யா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"வெளிக்குப் போறது என்ன நிறத்துல இருக்கு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

நாங்கள் மூன்று பேரும் மூன்று திசையில் பார்த்தோம். ஆணிவாயர்தான் கடைசியில், "கறுப்பு" என்றார்.

"எந்த மாதிரி கறுப்பு?"

அவர் யோசித்தார். நிறம் விஷயத்தில் குத்துமதிப்பாகச் சொல்கிற ஆள் இல்லை. "நம்மகிட்ட பளபளன்னு ஒரு கறுப்பு ரெக்ஸின் இருக்கு, மங்கலா இருக்கற மேட் இல்ல, மினுங்கற கிளாஸ். அது மாதிரி."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மடமடவென்று எழுதினார். அடுத்த நாளே பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய்விட்டுப் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் வலி மாத்திரையாகப் போட்டுப் போட்டுக் குடலுக்குப் போகிற வழியில் ஒரு புண். அதிலிருந்துதான் ரத்தம் சொட்டுச் சொட்டாக, வருஷக் கணக்காக, யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் எதற்கும் பயப்படாதவன். அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தேன். பெஞ்சு என் பட்டறை பெஞ்சு, நன்றாகத் தாங்கியது.

வைத்தியம் சொன்னார்கள். வலி மாத்திரை அறவே கூடாது. புண்ணுக்கு மருந்து. இரும்பு மாத்திரையை ஆரஞ்சு சாறோடு போட வேண்டும், டீயோடு கூடவே கூடாது. டீ சாப்பாட்டுப் பக்கமே வரக் கூடாது. ஈரல், முட்டை, கீரை, பயறு. நாக்கு ஆறுகிற வரைக்கும் காரம், புளிப்பு, கொதிக்கிற சூடு மூன்றும் தள்ளி. ஆரஞ்சு சாறு எரிந்தால் மாத்திரைக்கு வெறும் தண்ணீர் போதும். மிருதுவான பிரஷ். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், அந்தக் காரத் தண்ணீரும் ஊதாவும் வேண்டாம். ஆணி இனி ஆயுசுக்கும் வாயில் போகக் கூடாது. தோள் சரியாகிற வரை சுத்தியலும் ஓங்கக் கூடாது.

சம்சாரம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சட்டமாக்கிவிட்டாள். டீத்தூள் டப்பாவை எங்கே ஒளித்தாள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. நான் அடிக்கடி ஈரலோடு போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு நாள் காலையில் பட்டறைக்குப் போன் வந்தது. "முதலாளி, மறுபடி கறுப்பு" என்றார் ஆணிவாயர். நான் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். மூன்று பேரும் டாக்டரம்மா முன்னால் போய் நின்றோம். அவர், "கிளாஸா, மேட்டா?" என்று கேட்டார்.

ஆணிவாயர் யோசித்து, "மேட்" என்றார். "கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி."

"அது இரும்பு மாத்திரையால வர்ற நிறம். பயப்பட வேண்டாம். எதுக்கும் பாத்துடலாம்." பரிசோதித்தார்கள், ரத்தம் இல்லை. டாக்டரம்மாவுக்கு எங்கள் தொழில் பாஷை அதற்குள் பழகிவிட்டது.

முதலில் எரிச்சல் போனது. பிறகு வீக்கம் வற்றி ஓரத்துப் பல் அச்சு மறைந்தது. அப்புறம் ஒரு நாள் வாசல் வெளிச்சத்தில் நீட்டச் சொல்லிப் பார்த்தேன். நுனியில் பொடிப் பொடியாக மேடு முளைத்திருந்தது. புது வெல்வெட்.

அவர் மறுபடி பட்டறைக்கு வந்த அன்றைக்குச் சம்சாரமும் கூடவே வந்தாள். அவள் முகம் சரியில்லை. ஆணிவாயர் தன் காந்தச் சுத்தியலை எடுத்து, துணியால் துடைத்து, என் மேஜை மேல் வைத்தார்.

"முதலாளி, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எங்க போற? நாக்குதான் தேறிடுச்சே!"

"தேறி என்ன? ஆணி போடக் கூடாது, சுத்தியல் ஓங்கக் கூடாது."

"அளவெடு. துணி வெட்டு. மத்தவங்களக் கவனிச்சுக்க. சேர் போட்டு உக்காருய்யா."

"சும்மா உக்கார அங்க ஏற்கனவே ஒரு ஸ்டூல் இருக்கு முதலாளி. இங்க எதுக்கு இன்னொண்ணு?"

சுத்தியலை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன். அந்த நேரம் பார்த்துத் தடுப்புக்கு மேல் கன்காரன் தலை தெரிந்தது. "அண்ணே, கன்ன புடிங்களேன்."

எனக்கு வந்ததே கோபம்! "டேய், யார்கிட்ட என்ன பேச்சு பேசற? இவர் கை அதத் தொடுமாடா?"

"தொடுமே" என்றார் ஆணிவாயர்.

பட்டறையே நின்றுவிட்டது. "என்னது?" என்றேன்.

"அத வாங்கின அன்னைலேருந்து எனக்கு அது மேல ஒரு கண்ணு முதலாளி. எவ்ளோ லேசா இருக்கு. டக்கு டக்குன்னு போகுது."

"இத்தன வருஷம் ஏன்யா சொல்லல?"

"எப்ப சொல்றது? வாயில ஆணி. அதுவும் போக, வாசல்ல போர்டு வச்சிருக்கீங்க. வர்றவங்ககிட்ட எல்லாம் என்னக் காட்டி, கன்னைக் கண்டா வாந்தி வரும்கறீங்க. நான் எப்ப வாந்தி எடுத்தேன்?"

அவர் சம்சாரம் முன்னால் வந்தாள். "அட பாவி மனுஷா! தோள் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அண்ணன் அன்னைக்கே குடுத்திருப்பார். ஒளிச்சு ஒளிச்சு மாத்திரையத் தின்னு, வயித்த ஓட்டை பண்ணிக்கிட்டு..."

"சொன்னா போர்டக் கழட்டணுமே" என்றார் அவர் அவளிடம், மெல்ல. "முதலாளி அதப் பாத்துப் பாத்து எவ்ளோ சந்தோஷப்படுவார் தெரியுமா? தெனம் காலைல அவரே துடைப்பார்."

அந்த இடத்தில் நான் ஒன்றும் பேசவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அபூர்வம்.

பிறகு ஏணியைக் கொண்டுவரச் சொல்லி நானே ஏறிப் போர்டை இறக்கினேன். புதுப் போர்டில் 'ஒவ்வொரு சீட்டும் முதலாளி உட்கார்ந்து பார்த்தது' என்று எழுதச் சொன்னேன். முந்தினதைவிட இதைப் படித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். நான் எதைச் செய்தாலும் அது வியாபாரமாகிவிடும்.

நான் கீழே இறங்குவதற்குள் ஆணிவாயர் தடுப்புக்கு அந்தப்புறம் போய்விட்டார். கன்னைக் கையில் எடைபோட்டுப் பார்த்தார். தடுப்பில் இருந்த கொக்கியில் சம்சாரத்தின் கைப்பை தொங்கியது, அவளும் வீட்டுக்குப் போகாமல் நின்று பார்த்தாள். ஒரு நாற்காலிச் சட்டத்தில் துணியை இழுத்துப் பிடித்தார். டக், டக், டக். மூலையில் மடிப்பு விழாமல் திருப்பினார். அந்தத் திருப்பல் அவர் கையில் இருந்தது, சுத்தியலில் இல்லை. கன்காரன் வாயைத் திறந்தபடி பார்த்தான்.

மத்தியானத்துக்கு முன்னாலேயே நாற்காலி முடிந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார். வாய் காலியாக இருந்தது, சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே பேசினார். பேசி முடித்துவிட்டுச் சாப்பிட்டார். கம்ப்ரஸருக்கு எண்ணெய் விடுகிற முறை, ஜூஸ் கடைக்காரனின் கணக்கு, சம்பந்தியம்மாவின் பிளாஸ்டிக் கவர், என் பித்தளை ஆணி, எதையும் விடவில்லை. உள்ளே இவ்வளவு சேர்த்து வைத்திருந்தாரா மனுஷன்!

ஒரு வாரம் கழித்துக் கன்காரன் என் மேஜைக்கு வந்து கைகட்டி நின்றான். "முதலாளி, தடுப்புக்குள்ள என்னால இருக்க முடியல. காலைல ஆரம்பிச்சா நிறுத்தறதில்ல. எனக்கு வேணா ஒரு பிடி ஆணி குடுங்க, காதுல வச்சுக்கறேன்."

"பஞ்சு இருக்கு, எடுத்துக்கோ" என்று அனுப்பினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சம்சாரம் வந்திருந்தாள், வாசலில் நின்றே சொன்னாள். "பொண்ணுக்குப் போன் பண்ணிட்டேன் அண்ணே, நாங்க வரலன்னு. அப்புறம் இன்னொரு விஷயம். இன்னைக்கு நான் வச்சதுல உப்பு கம்மின்னு சொன்னார்."

"உனக்குக் கோபமா தங்கச்சி?"

"இல்ல அண்ணே. நிஜமாவே கம்மிதான்."